மெதுவா ஓடுங்க மக்களே

"மூணாவது நாளே ஓட்டத்தை விட்டுடுறேன் ப்ரோ"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. நான் நாலு தடவை விட்டவன்.

அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் எனக்கும் பார்டர்லைன்னு ரிப்போர்ட் வந்தது. ராஜபாளையத்துல வீட்டுல இருந்தே வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மறுநாள் காலையில நாய் துரத்துற மாதிரி ஓடினேன். (எங்க ஊர் நாய்னா சும்மாவா!) 500 மீட்டர்ல மூச்சு வாங்கிருச்சு.

தப்பு வேகத்துலதான். ஓடும்போதே முழு வாக்கியமா பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. இதுக்கு டாக் டெஸ்ட்னு பேரு. நான் இந்த ஷோவோட ஸ்கிரிப்ட்டைச் சத்தமா சொல்லிக்கிட்டே ஓடுவேன். டீக்கடையில ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. மூச்சு முட்டினா நடப்பேன், வெட்கமே இல்லை. அப்புறம்தான் மலைமேல வெயில் இறங்குறதெல்லாம் கண்ணுல பட்டுச்சு.

ஏழு மாசம் கழிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓடினேன், சுமார் 11 கிலோமீட்டர். ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. தூரத்துலயே தெரிஞ்சிடும், ஆனா கிட்ட வரவே வராது. முன்னாடின்னா கடுப்பாகியிருப்பேன்; அன்னைக்கு அவசரமே இல்லை.

பஸ்லதான் திரும்பினேன். கையில கால் கிலோ பால்கோவா. வீட்டுக்குத்தாங்க! அடுத்த டெஸ்ட் அடுத்த மாசம்.