மங்களவனத்துக் கதிர்க்குருவிகள்



இளவேனில் பிறந்தால் ஐரோப்பிய நாடுகளில் பறவைகள் வந்துவிட்டன என்று மக்கள் மகிழ்வர். கேரளக் கடற்கரையிலோ அது பறவைகள் விடைபெறும் பருவம்.

மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் நம்மவர் காயலைக் கடந்து எறணாகுளம் சென்றால், உயர்நீதிமன்றத்தின் பின்புறம் மங்களவனம் என்னும் அலையாத்திக் காட்டைக் காணலாம். மலையாளத்தார் இத்தகைய காட்டைக் கண்டற்காடு என்பர். இதன் பரப்பு 2.74 ஹெக்டேர், அஃதாவது ஏழு ஏக்கருக்கும் குறைவு. 2004-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் கொக்கும் நீர்க்காகமும் தாமே கண்ணிற்படும். கதிர்க்குருவியோ தேடுவார்க்கே தென்படும். புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் இரண்டு வகைகளை அறிந்துகொண்டால் போதும். பச்சைக் கதிர்க்குருவி இலையின் நிறமுடையது. கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு உண்டு. மரக்கிளைகளில் ஓயாது தாவிப் பூச்சி தேடும்; ஈரசையில் கூர்மையாகக் கூவும். நாணற் கதிர்க்குருவி மங்கிய தவிட்டு நிறம். புதருக்குள் மறைந்திருந்து, நாவினால் அண்ணத்தைத் தட்டினாற்போல் 'டக், டக்' என்று ஒலிக்கும். ஆகவே, காலை வேளையில் முதலிற் செவியைச் செலுத்துங்கள். கண் பின்னர்த் தொடரட்டும்.

முன்னது எட்டுக் கிராம், பின்னது பன்னிரண்டு கிராம் அளவே எடையுள்ளது. பால்டிக் கடற்பகுதி முதல் சைபீரியா வரை இவை கூடுகட்டுகின்றன. கொச்சியிலிருந்து தென் சைபீரியா சுமார் 5,000 கிலோமீட்டர். பெரும்பாலும் இரவிலேயே பறந்து அத்தொலைவைக் கடக்கின்றன.

செப்டம்பர், அக்டோபரில் வரும் இவை ஏப்ரலில்தான் புறப்படுகின்றன. பிறந்த இடம் அங்கே. ஆண்டிற் பெரும்பகுதி வாழ்வது இங்கே. பச்சைக் கதிர்க்குருவி தனக்கென ஓர் எல்லை வகுத்து, அதனுள் தன்னினத்துப் பிறிதொன்று நுழையாமற் குரலெழுப்பிக் காக்கும். இதனை வெறும் விருந்தாளி என்பது பொருந்துமா? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதன் விடை தெரியும்.

பயணத்திற்கு முன் பூச்சிகளை மிகுதியாக உண்டு உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது இவற்றின் இயல்பு. அக்கொழுப்பே வழிச்சோறு. மரமும் புதரும் அழிந்தால் பூச்சி இல்லை. பூச்சியின்றேல் பயணமும் இல்லை. வலசைப் பறவைகளைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983 முதல் உறுப்பு நாடாக உள்ளது. ஆயினும், உடன்படிக்கை நிறைவேறுவது இத்தகைய சிறு காடுகளிலேயாம். அங்கே ஒரு புதரை வெட்டாது விடுவதும், சைபீரியாவில் ஒரு கூடு கட்டப்படுவதற்கு உதவுவதே ஆகும்.

ஏப்ரல் முடியுமுன் ஒருநாள் குழந்தைகளையும் அழைத்துச் சென்று இச்சிறு பறவைகளுக்கு விடைகொடுங்கள்.