பூண்டுக்கு ஒரு நியாயம், பாடத்துக்கு ஒரு நியாயமா?



கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெளியூர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்றால் மோசடி என்கிறோம். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் கட்டுரை என்று பிள்ளை நீட்டினால்?

தடை போடுவது தீர்வல்ல. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியில் நடத்தப்படும் ஐ.பி. படிப்பின் தலைமை அமைப்பு 2023-ல் சொன்னது இதுதான்: பயன்படுத்தலாம், பயன்படுத்தியதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

நம் பிள்ளைகளின் பள்ளிகளில் இப்படி எழுத்தில் விதி உண்டா? இல்லையென்றால் ஆசிரியரின் சந்தேகமே தீர்ப்பாகிவிடும். கண்டுபிடிக்கும் மென்பொருளும் தவறுகிறது. தானே எழுதிய பிள்ளையும் குற்றவாளியாவான். சந்தேகம் வந்தால் எழுதியதை விளக்கச் சொல்லட்டும். விசாரிக்காமல் தண்டனை கூடாது.

வியாபாரிகளே! அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போங்கள். விதியைக் கேளுங்கள். இளைஞர்களே! அதை எழுத உதவுங்கள்.