காணி காத்த குலத்தலைவர்: பீஜித் தீவின் லாலா சுக்கூனா



பீஜித் தீவுகள் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன கரும்புத் தோட்டமும், அங்கே கூலிகளாகச் சென்றோர் பட்ட துயரமுமே. அத்தீவுகளின் பூர்வ குடிகளுள் தோன்றிய ஒரு தலைவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் ராத்து லாலா சுக்கூனா. ராத்து என்பது அந்நாட்டில் குலத்தலைவர்களுக்கு வழங்கும் பட்டம்.

1874இல் பீஜித் தலைவர்கள் தம் நாட்டைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்தனர். அங்கு தேசாதிபதியாக வந்த சேர் ஆதர் கோர்டன், பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையையும் ஆண்டவர். பூர்வ குடிகளின் காணி அந்நியர் கைக்குப் போகலாகாது என்பது அவர் கொள்கை. அக்காணி தனி ஒருவரின் உடைமையன்று. மத்தங்கலி எனப்படும் குலக்குழுவின் பொதுச் சொத்து. பீஜியரைத் தோட்ட வேலைக்கு இழுத்து அவர்தம் கிராம வாழ்வைக் குலைக்கவும் அவர் விரும்பவில்லை. அப்படியானால் கரும்பை நடுவது யார்? இந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். 1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களுள் தமிழர் பலர். ஒரு சாராரின் நிலத்தைக் காத்த அதே ஏற்பாடு, இன்னொரு சாராரைத் தம் ஊரிலிருந்து பெயர்த்தெடுத்தது. சுக்கூனாவின் வாழ்நாட் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

அவர் 1888இல் உயர் தலைவர் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஒக்ஸ்போட்டிற் பயின்றுகொண்டிருக்கையில் 1914ஆம் ஆண்டுப் போர் மூண்டது. பிரித்தானியப் படையிற் சேர விரும்பினார். கறுத்த நிறத்தவர் என்று மறுத்துவிட்டார்கள். எந்த முடிக்குத் தம் முன்னோர் நாட்டை ஒப்படைத்தனரோ, அந்த முடிக்காக உயிர் கொடுக்கவும் தகுதியில்லை என்ற பதில்! அவர் ஊர் திரும்பவில்லை. பிரான்சின் அந்நியர் படையிற் சேர்ந்து போராடிக் காயமுற்றுப் பதக்கமும் பெற்றார். போருக்குப் பின் பட்டம் பெற்ற முதற் பீஜியரானார், பாரிஸ்டராகவும் தேறினார்.

அந்தப் பட்டங்களோடு சுவா நகரில் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் காணி ஆணைக்குழுவின் பணியை ஏற்று, தீவு தீவாகச் சென்று, எந்த எல்லை எந்தக் குலத்துக்குரியது என்று முதியோரிடம் கேட்டுப் பதிந்தார். எல்லை வழக்கு எத்தகையது என்பதை நம் கமக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1932இல் சட்டநிரூபண சபைக்குள் சென்றபோது, நாட்டின் காணி நிலைமையை அவரளவுக்கு அறிந்தவர் அங்கே வேறெவரும் இருந்திருப்பாரென்று நான் நினைக்கவில்லை.

1936இல் தலைவர்களின் பேரவையில் அவர் செய்த வாதம் துணிகரமானது. தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பூட்டி வைத்திருந்தால் நாளை அரசே பறிக்கும். நமக்கு வேண்டியதை ஒதுக்கிக்கொண்டு, மிகுதியைப் பயிரிடுவோருக்குக் குத்தகைக்குக் கொடுப்போம். அப்பொறுப்பை ஒரு சபையிடம் விடுவோம் என்பதே அதன் சாரம். பரவணிக் காணியைப் பிறர் நிர்வாகத்தில் விடும்படி குலத்தலைவர்களிடம் கேட்பது எளிதன்று. அவர்கள் இசைந்தனர், 1940இல் சட்டம் பிறந்தது. நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்ட பங்கு இன்றும் பூர்வ குடிகளிடமே உள்ளது. காணி இழந்த எத்தனையோ இனங்களின் கதையை அறிந்த நாம் இதனைச் சிறு காரியமென்று தள்ள முடியாது.

எனினும் அவரை முழுதும் புகழ்ந்து அமர என்னால் இயலாது. குத்தகைப் பணத்தில் சபையும் தலைவர்களும் தத்தம் பங்கை எடுத்த பின்னரே சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சியது வந்தது. பல பத்தாண்டுகள் இதுவே நடைமுறை. 1944இல் அவர் வகுத்த பீஜியர் நிருவாகம் கிராமத்தவனைக் கிராமத்தோடு கட்டியது. தனித்துக் கமஞ்செய்ய விரும்பியவன் விலக்குக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஒக்ஸ்போட்டின் சுதந்திரக் காற்றைச் சுவாசித்தவர், தம் மக்களுக்கு அது இன்னும் ஆகாது என்று கருதினார். இந்தியர் 1929இலேயே சட்டநிரூபண சபைக்கு வாக்களித்தனர். பூர்வ குடிகள் முதன்முதலாக வாக்களித்தது 1963இல். அதைக் காண அவர் இருக்கவில்லை. 1954 முதல் சபாநாயகராக விளங்கியவர், 1958 மே 30இல் இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்திற் காலமானார்.

தமக்குப் பின் ஒருவரை அவர் ஆயத்தப்படுத்தியிருந்தார். வைத்தியம் பயின்றுகொண்டிருந்த இளந்தலைவர் கமிசேசே மாராவை அப்படிப்பை விடுத்து ஒக்ஸ்போட்டுக்குப் போகச் செய்தவர் சுக்கூனாவே. 1970இல் நாடு விடுதலை பெற்றபோது பிரதம மந்திரியாக இருந்தவர் அந்த மாரா.

குத்தகைக்காரன் கதி என்ன? 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்கு 30 ஆண்டுத் தவணை கொடுத்தது. 1997 முதல் தவணைகள் முடியத் தொடங்கின. புதுப்பிக்கப்படாத குத்தகைகள் பல. பாட்டன் காடு வெட்டித் திருத்திய நிலத்தைப் பேரன் விட்டு, வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தான். நிலத்தின் சொந்தக்காரன் தன் நிலத்தைக் கேட்டது நீதியே. உழுதவன் நட்டஈடு கேட்டதும் நீதியே. இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்கும் ஏற்பாடு சுக்கூனாவின் சட்டத்திலும் இல்லை. அவருக்குப் பின் வந்தோரும் அதனை இன்னும் செய்து முடிக்கவில்லை.