வயிற்றில் பிறந்த ஒரு சொல்

கைக்குழந்தை கால்களை மடக்கி வீரிட்டு அழுமாயின், வயிற்றுக்குத்தோ என்று ஐயுற்று, வீட்டிலுள்ள முதியோர் 'கிறைப் வோட்டர்' போத்தலைத் தேடுவது இலங்கையிலும் இந்தியாவிலும் பல தலைமுறையாக நிகழ்ந்துவரும் ஒன்று. அப்போத்தலின் பெயரிலுள்ள 'கிறைப்' என்னும் ஆங்கிலச் சொல்லே குறைகூறுதலையும் குறித்து வழங்குகின்றது. குழந்தையின் வயிற்றுநோவுக்கும் வளர்ந்தோரின் குறைகூறலுக்கும் உள்ள உறவு யாது? சொல்லின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பற்றுதல், இறுகப் பிடித்தல் என்பனவே பொருள். பிடி எனப் பொருள்படும் 'கிறிப்' என்பது இதன் உடன்பிறப்பு. ஷேக்ஸ்பியர் தமது 'மக்பெத்' நாடகத்தில் செங்கோலைப் பற்றிய கைப்பிடியைச் சுட்ட இதனையே ஆண்டுள்ளார். பின்னர், குடலைக் கைகொண்டு பற்றி முறுக்கினாற் போன்ற நோவுக்கும் இச்சொல் பெயராயிற்று. 'வயிற்றைப் பிடித்து முறுக்குகின்றது' என்று தமிழர் கூறுவதும் இதே உவமைதான். 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வில்லியம் வூட்வேட் என்பவர் ஆக்கிய குழந்தைமருந்து, இந்நோவின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

நோவைக் குறித்த சொல் குறைகூறலைக் குறிக்கலானது அமெரிக்கப் பேச்சுவழக்கில். 1930களின் தொடக்கத்திலேயே அப்பொருள் பதிவாகியுள்ளது. வயிற்றுவலி என்று நேரே பொருள்படும் 'பெலியேக்' என்ற சொல்லும், அதற்கு முன்னரே அந்நாட்டில் ஓயாது குறைகூறுதலைக் குறித்து வழங்கியது. வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்த்தல் என்னும் தமிழ்வழக்கை அறிந்தவர்க்கு இது வியப்பளியாது. மனத்தாங்கல் வயிற்றில் மூண்டு வாய்வழியே வெளிப்படுவதாகவே இருமொழியாரும் கருதியுள்ளனர்.

ஆங்கிலத்தில் குறைகூறலுக்குச் சொற்கள் பல. அவற்றை வேறுபாடின்றி ஆளுதல் பிழையாகும். 'கொம்பிளெயின்' என்பது யாவர்க்கும் எவ்விடத்தும் பொருந்தும் பொதுச்சொல். துயர் மிகுதியால் மார்பில் அறைந்துகொள்ளுதலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. 'கிறம்பிள்' என்பது வாய்க்குள் முணுமுணுத்தல். 'கிறீவன்ஸ்' என்பது பாரம் என்னும் கருத்திற் பிறந்து, இழைக்கப்பட்ட அநீதியால் நெஞ்சில் தங்கிய மனக்குறையைக் குறிக்கும். 'கிறைப்' என்பதோ எளிய பேச்சுச்சொல். பெரும்பாலும் சிறிய குறையை, திரும்பத் திரும்ப, உடனிருப்போரிடம் சொல்லித் தீர்ப்பதையே அது குறிக்கும். தேநீர் ஆறிவிட்டது, பஸ் பிந்திவிட்டது என்பன அதற்குரிய பொருள்கள். ஒரு நூலை மனமாரப் பாராட்டிய ஆங்கில விமரிசகர், இறுதியில் எழுத்து மிகச் சிறிதென்பதே தமது ஒரே 'கிறைப்' என்று எழுதுவதுண்டு. பாராட்டுக்கு ஊறு செய்யாமற் குறையைச் சொல்ல அச்சொல் உதவுகின்றது. ஆனால் அரச அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவர் அதனை ஆளார். ஆளின், தம் வழக்கைத் தாமே சிறுமைப்படுத்தியவராவார்.

இச்சொல்லை ஆள்வோர் கருதவேண்டியது ஒன்றுண்டு. தம் குறையை ஒருவர் 'கிறைப்' என்று சொல்லுதல் அடக்கம். பிறர் குறையை அவ்வாறு சொல்லுதல் தீர்ப்பு. கூலி குறைந்ததென்று வந்த தொழிலாளியின் வார்த்தையை மேலதிகாரி 'கிறைப்' என்று குறித்துவைப்பாராயின், விசாரணை தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'முறைப்பாடு' என்னும் சொல் இதற்கு நேர்மாறானது. முறையாவது நீதி. முறைப்பாடு என்று பெயரிட்ட அளவிலேயே, கேட்பவர் நீதி வழங்கும் கடமையுடையவராகின்றார். ஆதலின் முறைப்பாட்டைக் 'கிறைப்' என மொழிபெயர்த்தல் சொற்பிழை மட்டுமன்று, முறைகேடுமாகும்.

எது சிறுகுறை, எது பெருங்குறை என்பது கேட்பவருக்கு எளிதில் விளங்குவதன்று. எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டுவித்து, முறைவேண்டுவோர் இழுக்குமாறு நெடிய கயிறும் அமைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. கன்றையிழந்த பசு அம்மணியை அடித்த கதை யாவரும் அறிந்தது. அந்நூலிலேயே மற்றொரு கதையும் உண்டு. மூதாட்டி ஒருத்தி வெயிலில் உலர்த்திய அரிசியைக் காலமல்லாக் காலத்து மழை நனைத்துவிட்டது. அவளும் வந்து மணியை இழுத்தாள். மழையின்மேல் ஒரு முறைப்பாடு! கேட்போர் நகைத்து அனுப்பியிருக்கலாம். மன்னன் நகைத்திலன். மழை உரிய காலத்திற் பெய்யவேண்டுமென்று நோன்பு கிடந்தான். பிறர்க்கு ஒருபிடி ஈர அரிசியாகத் தோன்றியது அம்மூதாட்டிக்கு அன்றைய உணவு என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

தொட்டிலிற் கிடந்து அழும் குழந்தையை எவரும் வீணே குறைகூறுகின்றது என்று சொல்வதில்லை. எங்கே நோகின்றது என்றே தேடுகின்றனர். அந்நோவுக்குரிய சொல்லே பின்னர் வளர்ந்தோரின் குறைக்கும் பெயராயிற்று. பிறர் குறையை இச்சொல்லால் தள்ளிவிட முற்படுவோர், முதலில் நோவு எங்கே என்று வினவுதல் நன்று.