அவள் சொன்ன முதல் வல்லினம்



சற்று முன் நம் சங்க விழாவின் இந்த மேடையில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் குறள் ஒப்பித்தார்கள். இரண்டாம் வரிசையில் நீலப் பாவாடை கட்டி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்ன பெண் என் மகள். அவள் வாயில் ஒவ்வொரு ‘ப’ வரும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே பேசுகிறேன்.

அவளுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி அமைகிறது. தமிழ்நாட்டில் ஒரு தத்து மையத்தில் அவளை நாங்கள் முதலில் பார்த்தபோது இரண்டு வயது. உதட்டுக்கு மட்டும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அவளை வளர்த்த ஆயா எங்களிடம் சொன்னார்: “படுக்க வெச்சுக் குடுத்தா பாலு மூக்கு வழியா வந்துரும் சார். நிமித்தி உக்கார வெச்சு, பாலாடையில சொட்டுச் சொட்டா விடணும். இல்லேன்னா புரை ஏறிடும். ஒரு வேளைப் பாலுக்கு முக்கா மணி நேரம் ஆகும்.” நாங்கள் கிளம்பும்போது அந்த எவர்சில்வர் பாலாடையைத் துணியில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்தார்.

அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் காற்றை அடைத்துவைக்க முடியாது. மூக்கு வழியே கசிந்துவிடும். நம் இலக்கணத்தில் சொன்னால் வல்லினம் பிடிபடாது, மெல்லினமே வரும். ‘ப’ சொல்ல நினைத்தால் ‘ம’ வரும். அதனால் என் மகள் என் மனைவியையும் ‘அம்மா’ என்றாள், என்னையும் ‘அம்மா’ என்றாள்.

இங்கே அமெரிக்காவுக்கு வந்த பிறகு அண்ணத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு ஒன்றரை ஆண்டு பேச்சுப் பயிற்சி. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துச் சொல்லச் சொல்வார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று இன்னும் கசிகிறது என்று பொருள். வீட்டில் என் மனைவி அதையே பட்டம், பப்பாளி, பாப்பா என்று தமிழில் நடத்துவாள். ஒரு மாலை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து மகள் என்னைப் பார்த்து ‘அப்பா’ என்றாள். கண்ணாடியில் ஆவி இல்லை.

இந்தியாவில் தத்தெடுப்பை நெறிப்படுத்துவது மத்திய தத்து வள ஆணையம், ‘காரா’ என்பார்கள். உடல்நலக் குறையில்லாத சிறு குழந்தைக்காகப் பதிவு செய்தவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். காராவின் இணையதளத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பட்டியலுக்குப் போனால் வரிசை திரும்பி நிற்கிறது. அங்கே காத்திருப்பவர்கள் குழந்தைகள்.

இதயத்தில் துளை, வளைபாதம், காது கேளாமை, தலசீமியா, பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம். வளைபாதம் என்றால் சில வாரங்கள் மாவுக்கட்டு, பிறகு சில ஆண்டுகள் இரவில் தனிக் காலணி. குழந்தை ஓடி விளையாடும். வேறு சில குறைகள் தீராது. வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டி உங்களைச் சம்மதிக்கவைக்க நான் வரவில்லை. எது நம்மால் முடியும் என்று கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் நம் கையில் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் 1975-ல் வந்த சட்டத்தின்படி, குறைபாடுள்ள பிள்ளைக்கு ஏற்ற கல்வியைப் பொதுப் பள்ளி இலவசமாகத் தந்தாக வேண்டும். 2014 முதல், ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்க முடியாது. நாம் வரி கட்டி வாழும் ஊரின் வசதிகள் இவை. இவற்றோடு தமிழ் பேசும் ஒரு வீடும் சேர்ந்தால், அந்தக் குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

தத்தெடுக்கும் வழி நேரானது. வெளிநாடு வாழ் இந்தியர் (என்ஆர்ஐ) ஆனாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் (ஓசிஐ) ஆனாலும், காரா அங்கீகரித்த, இந்த நாட்டிலுள்ள முகமை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கும் சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க இடமுண்டு. “ஊரில் தெரிந்த நர்ஸ் இருக்கிறார், குழந்தை வாங்கித் தருவார்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தத்து அல்ல, குழந்தை விற்பனை.

நம் பழைய சுவீகாரம் வம்சத்துக்கு வாரிசு தேடியது. பெரும்பாலும் பங்காளி வீட்டு ஆண் பிள்ளையை எடுத்தது. ஆனால் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்த கதையும் நம்முடையதுதான். மார்கழியில் அவள் பாசுரத்தைப் பாடும் யாரும், அவளைப் பெற்றது யார் என்று கேட்பதில்லை.

“உங்களுக்குப் பெரிய மனசு, புண்ணியம்” என்று என்னிடம் சொல்கிறார்கள். அன்போடு சொல்கிறார்கள், தெரியும். ஆனால் பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். புண்ணியம் என்று சொல்லும்போது அவள் கடன்பட்டவள் ஆகிவிடுகிறாள். அவள் எங்களுக்குப் பிள்ளை. எங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

எல்லோராலும் தத்தெடுக்க முடியாது. ஆனால் இந்த அரங்கில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள். மகளின் மருத்துவ அறிக்கை முதலில் வந்தபோது எங்களுக்குக் கை நடுங்கியது. இந்தச் சங்கத்து மருத்துவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, அதை வரி வரியாகப் படித்து விளக்கினார். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் நாங்கள் பயந்து விலகியிருப்போம். அப்படி ஒரு மணி நேரத்தை அடுத்த குடும்பத்துக்குத் தர முன்வாருங்கள். வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறேன். மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் பெயர் கொடுங்கள். மனதில் ஆசையும் அச்சமும் உள்ள தம்பதியர் வந்து உட்காருங்கள்.

அந்தப் பாலாடை எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. இந்த நேரத்தில் ஊரில் ஏதோ ஒரு மையத்தில், ஓர் ஆயா ஒரு குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருப்பார். கை கடுக்கக் கடுக்க அவர் தாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும்.