ஊர்ப்பெயரே தம் பெயரான பாகவதர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சில நாள்களுக்கு முன் நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, பள்ளியில் சொந்த ஊர் எது என்று கேட்கிறார்கள். அப்பா திருநெல்வேலி என்கிறார். நான் பிறந்ததோ இங்கே. எதை எழுதுவது?" என்று வினவினான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அன்றிரவு என் அஞ்சல் தலைத் தொகுப்பைப் புரட்டுகையில் அவனுக்குரிய விடை கிடைத்தது.

செம்பை வைத்தியநாத பாகவதரின் நினைவாக 1996-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தலை அது. அவர் பிறந்தது 1896-இல். நூற்றாண்டு நிறைவில் நாடு அவருக்குச் செய்த சிறப்பு அது.

செம்பை என்பது பாலக்காட்டு மாவட்டத்தில், கோட்டாயிக்கு அருகே உள்ள சிற்றூர். பாகவதர் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தம் இனத்தார் பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். நம் முன்னோரைப் போல அவர்களும் ஒரு காலத்தில் புதியவர்களே. ஆயினும், இசையுலகம் இன்றளவும் அவரைச் 'செம்பை' என்றே அழைக்கிறது. வந்து தங்கிய ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. அவரால் அவ்வூரும் நாடறிந்த ஊராயிற்று.

இப்பெருமை எளிதில் வந்ததன்று. 1904-இல் சிறுவராக ஒற்றப்பாலத்துக் கிருஷ்ணன் கோயிலில் முதன்முதல் பாடினார். 1951-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அதன்பின் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. வெண்கலமென ஒலித்த குரல் அடைத்துப் போயிற்று. பாடகனுக்கு அதனினும் கொடிய இழப்பு யாது? குரல் மீண்டபோது, அதைக் குருவாயூரப்பன் அளித்த கொடையென்றே அவர் நம்பினார். தம் வருவாயையும் அவன் பணிக்கே ஈந்தார்.

பிறரை உயர்த்துவதிலும் அவர் சலித்தாரல்லர். பாலக்காடு மணி அய்யர் இளைஞராயிருந்தபோதே அவருடைய மிருதங்கத் திறனைச் சென்னை அரங்குகளுக்கு அறிமுகம் செய்தார். கொச்சியில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸைச் சமயம் கருதாது மாணாக்கராக ஏற்றார். தமிழரென்றும் மலையாளியென்றும் அவர் பேதம் பாராட்டியதில்லை. ஆகவேதான் இரு மொழியாரும் அவரைத் 'தம்மவர்' என்கின்றனர். 1974 அக்டோபர் 16 அன்று, தாம் முதலில் பாடிய அந்த ஒற்றப்பாலத்திலேயே கச்சேரி செய்து முடித்தபின் உயிர் நீத்தார். இன்று பாலக்காட்டு அரசு இசைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. குருவாயூரில் ஆண்டுதோறும் செம்பை சங்கீதோற்சவம் நிகழ்கிறது.

அன்பர்களே! அவருக்கு வாய்த்த இசைப் பரம்பரை நமக்கு வாய்க்கவில்லை. பாலக்காட்டு ஆலைகளிலும் இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் உழைக்க வந்த குடும்பங்கள் நம்முடையவை. தமிழ் எழுதத் தெரியாமலே நம் பிள்ளைகள் சிலர் வளர்கின்றனர். மலையாளத்தில் தயங்கித் தயங்கிப் பேசுவோரும் உளர். இரண்டும் நம் குறைகளே. வீட்டில் நாள்தோறும் ஒரு பக்கமேனும் தமிழ் படிக்கச் செய்யுங்கள். அண்டை வீட்டாரின் மொழியையும் அவர்கள் அன்போடு கற்கட்டும்.

அச்சிறுவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, திருநெல்வேலி உன் வேர்; அதை மறவாதே. ஆனால், ஊரின் பெயரை எழுதும் இடத்தில் நீ பிறந்த இந்த ஊரையே தயங்காமல் எழுது. நாளை உன்னால் இவ்வூர் பெயர் பெறட்டும்."

அவன் எழுதிவிட்டான். அவனுக்குத் துணை நிற்பது நம் கடமை.