ஒரு கணத்தின் இடைவெளி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எண்ணற்ற இணையச் சேவைக் கணிப்பொறிகளையும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் இயக்குவது லினக்ஸ் கெர்னல். அதில் 2007ஆம் ஆண்டு முதல் மறைந்திருந்து, 2016 அக்டோபரில் வெளிப்பட்ட பிழையொன்றுக்கு 'டர்ட்டி கவ்' என்று பெயர். 'எழுதும்போது நகலெடு' என்னும் முறையின் ஆங்கில முதலெழுத்துகளே 'கவ்' ஆயின.

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். மூலப் பதிவேட்டை எவரும் படிக்கலாம், திருத்தலாகாது. எழுத விரும்புவோனுக்கு எழுத்தர் நகலெடுத்துத் தருவார். நகலெடுத்தல் ஒரு செயல்; அதில் எழுதவிடுதல் மற்றொரு செயல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் வேறொருவன் நகலை அகற்றிவிடுகின்றான். எழுத்தரோ, நகலெடுத்தாயிற்று என்ற நினைவில், எஞ்சியுள்ள மூலப் பதிவேட்டையே நீட்டிவிடுகின்றார்!

கெர்னலில் நிகழ்ந்ததும் இதுவே. ஒரு நிரலின் ஒரு கிளை எழுதிக்கொண்டே இருக்கும். மறுகிளை நகலைக் கைவிடுமாறு ஓயாது கேட்கும். பன்முறை முயன்றால் ஒருமுறை காலம் பொருந்தும். அப்பொழுது சாதாரணப் பயனர் ஒருவர் தலைமைப் பயனருக்குரிய கோப்பை மாற்றிக் கணிப்பொறி முழுவதையும் கைக்கொள்ளலாம். செயல்கள் ஒன்றையொன்று முந்துவதால் விளையும் இத்தகைய பிழையை 'ரேஸ் கண்டிஷன்' என்பர்.

லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இலேயே இதனைத் திருத்த முயன்றார். ஐ.பி.எம். பெருங்கணிப்பொறி வகையொன்றில் இடையூறு விளைந்தமையால் அத்திருத்தம் நீக்கப்பட்டது. காலம் பொருந்துதல் அரிது என்று அன்று கருதினர். கெர்னல் வளர வளர அரியது எளிதாயிற்று. 2016இல் ஃபில் ஓஸ்டர் என்பவர், தம் சேவைக் கணிப்பொறிக்கு வந்த இணையப் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தமையால், தாக்கியவரின் நிரலைக் கண்டெடுத்தார். டோர்வால்ட்ஸ் புதிய திருத்தத்தை அளித்தபோது, தம் பழைய முயற்சி செம்மையாக அமையவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். புதிய திருத்தத்திலும் ஒரு குறை 2017இல் கண்டறியப்பட்டுக் களையப்பட்டது.

இளைஞர்களே! லினக்ஸின் மூலநிரல் அனைவருக்கும் திறந்துள்ளது. படிக்க வருவோனின் குலத்தை அது கேட்பதில்லை. எழுத்து மறுக்கப்பட்ட மரபில் வந்த நமக்கு இதன் அருமை தெரியும். ஆயினும், திறந்திருந்த நூலிலேயே அப்பிழை ஒன்பது ஆண்டுகள் இருந்தது. கதவு திறந்திருத்தல் வேறு. உள்ளே சென்று வரிவரியாகப் படித்தல் வேறு. 'அரிதாகத்தானே நேரும்' என்று எச்சிறு பிழையையும் ஒதுக்காதீர்கள். தவறினால் டோர்வால்ட்ஸைப் போல் ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கதவைத் திறந்து வைத்துள்ளது. உள்ளே சென்று படிக்கும் கடமை உங்களுடையது.